26 மணி நேரம் அந்த பீட்ரூட் எங்கே இருந்தது?

குன்னூர் தகப்பன் | சனி, இரவு 11:05

நேற்று இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் சப்பாத்தியும் பீட்ரூட் பொரியலும். பன்னிரண்டு வயது மகள் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாகவே சாப்பிட்டாள். இன்று இரவு பத்து மணிக்குக் கழிவறையிலிருந்து "அப்பா, ரத்தம்!" என்று ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் முழுக்கச் செக்கச் செவேல் என்று இருக்கிறது. என் அம்மா சாமி படத்தின் முன் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். நான் கார் சாவியைத் தேடினேன். மனைவி மட்டும் நிதானமாகக் கூடலூரில் செவிலியராக இருக்கும் தன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள். அங்கிருந்து வந்தது ஒரே கேள்வி: "நேற்று என்ன சாப்பிட்டாள்?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பயம் தெளிந்துவிட்டது. ஆனால் மகள் இன்னும் தூங்கவில்லை. "நேற்று எட்டு மணிக்குச் சாப்பிட்டது இன்று பத்து மணிக்கு வருகிறது. இருபத்தாறு மணி நேரம் அது எங்கே இருந்தது?" என்று கேட்கிறாள். நான் படித்தது வணிகவியல். தெரிந்தவர்கள் அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். நாளை நானே படித்துக் காட்டுகிறேன்.

உதகை வாத்தியார் | ஞாயிறு, காலை 6:20

முப்பத்தொரு ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். குழந்தைக்கு என் நேரான பதில் இதுதான்: அந்த பீட்ரூட்டின் சக்கையும் நீங்கள் பார்த்த சிவப்பும் இருபத்தாறு மணி நேரமும் அவள் உடலுக்கு வெளியேதான் இருந்தன.

மேட்டுப்பாளையத்திலிருந்து நம் மலை ரயில் 16 குகைகளைக் கடந்து மேலே வருகிறது. குகைக்குள் போகும்போது மலைக்குள் இருக்கிறோம் என்கிறோம். ஆனால் பாறைக்குள் நாம் இல்லை. ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் வெளியே வருகிறோம். உணவுப்பாதையும் அப்படித்தான், வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரு குகை. அதன் சுவரைக் கடந்து ரத்தத்திலோ நிணநீரிலோ சேர்ந்தது மட்டுமே உடலுக்குள் வந்த உணவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

இனி நேரக் கணக்கு. வாயில் அரை நிமிடம் என்று வையுங்கள். மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் சுரக்கின்றன. அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுப்பொருளை அங்கேயே உடைக்கத் தொடங்குகிறது. சப்பாத்தித் துண்டு ஒன்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருக்கச் சொல்லுங்கள், இனிப்பு தட்டும். விழுங்கும் கணத்தில் 'குரல்வளை மூடி' என்ற சிறு மடல் மூச்சுக்குழலின் வாயை மறைத்துக்கொள்கிறது. அது சற்றுப் பிந்தினால்தான் நமக்குப் புரையேறுகிறது. அடுத்தது சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழல். அங்கே கவளம் தன் எடையால் கீழே விழுவதில்லை. பின்னால் இருக்கும் தசை வளையம் சுருங்க, முன்னால் இருப்பது தளர, அலை அலையாகத் தள்ளப்பட்டுப் பத்து நொடிகளில் இரைப்பையை அடைகிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு போய்ச் சேருவது இதனால்தான்.

இரைப்பை எங்கே இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் தொப்புளைத் தொடுவார்கள். அது அங்கே இல்லை. இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், உதரவிதானத்தை ஒட்டி இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையாகக்கூடிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதில் சுரக்கிறது. அந்த அமிலத்தில் பெப்சின் என்ற நொதி புரதத்தை வெட்டுகிறது. உள்சுவரைச் சளிப்படலம் காக்கிறது. உணவு இரண்டு முதல் நான்கு மணி நேரம் அங்கே கடையப்படுகிறது, எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் நேரமாகும். கடைசியில் இருக்கும் கதவு கஞ்சி போலக் கரைந்ததை மட்டும் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. கரையாத பெரிய துணுக்குகள் காத்திருந்து, வயிறு காலியானதும் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் வலுவான அலைகளில் துடைத்துத் தள்ளப்படுகின்றன. பசி நேரத்தில் வயிறு இரைகிறதே, அதில் இந்தத் துப்புரவுக்கும் பங்கு உண்டு.

ஆக, உங்கள் மகளின் பீட்ரூட் நள்ளிரவு வாக்கில் இரைப்பையை விட்டிருக்கும். அடுத்த மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் சிறுகுடலைக் கடந்து, விடியும்போது பெருங்குடலின் தொடக்கத்தில் இருந்திருக்கும். அதாவது நேற்றுப் பகல் முழுக்க அது பெருங்குடலில்தான். சிறுகுடலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மாலையில் வருகிறேன்.

கோத்தகிரி தேயிலைக்காரன் | ஞாயிறு, காலை 8:45

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் தொழிற்சாலைதான் நினைவுக்கு வந்தது. கொய்த கொழுந்தைச் சும்மா குவித்து வைத்தால் நாறிப்போகும், தேயிலை ஆகாது. வாட்டி, இயந்திரத்தில் கொடுத்துக் கசக்க வேண்டும். இலையின் செல்கள் உடைந்து சாறு வெளியே வந்த பிறகுதான் இலையிலேயே இருக்கும் நொதி வேலையைத் தொடங்கும். அரை மணி நேரத்தில் பச்சை செம்பு நிறமாவதைக் கண்ணால் பார்க்கலாம். கசக்குவது சரியில்லை என்றால் பின்னால் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் நிறம் ஏறாது. பல் செய்யும் வேலையும் இதுதான் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று என் தாத்தா சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். அவர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர்.

கேத்தி விவசாயி | ஞாயிறு, காலை 9:10

பீட்ரூட் போடுபவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும். எங்கள் வீட்டில் என் தம்பிக்கு மட்டும் அப்படி. அறுவடைக் காலத்தில் அவன் பயப்படுவதே இல்லை, பழகிவிட்டது. அது ஏன் அவனுக்கு மட்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

மஞ்சூர் மருமகள் | ஞாயிறு, பகல் 12:30

இழையை முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகத்தைத் தயக்கத்தோடுதான் கேட்கிறேன். குழந்தைகளுக்கு வயிற்று வலி வந்தால் என் மாமியார் 'குடல் ஏறிவிட்டது' என்பார். விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை நீவி, குடல் தட்டி இறக்குவார். என் மகனுக்கு மூன்று முறை என் கண்ணெதிரே சரியாகியிருக்கிறது. சுற்று வட்டாரத்தில் பலர் அவரிடம் பிள்ளைகளைத் தூக்கி வருகிறார்கள். குடல் உண்மையிலேயே இடம் மாறுமா? இல்லை என்றால் மூன்று முறையும் எப்படிச் சரியானது?

கூடலூர் செவிலி | ஞாயிறு, பகல் 2:15

முதலில் தங்கையின் மகளுக்கு: நீ பயந்தது தவறே இல்லை, கண்ணே. சிவப்பைப் பார்த்தால் பயப்படத்தான் வேண்டும். பீட்ரூட் சாப்பிடாத நாளில் அப்படி வந்தாலோ, தார் போலக் கறுத்து ஒட்டினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கறுப்பு என்றால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து, செரித்து இறங்கியிருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சூர் சகோதரிக்கு. குடல் ஏறுவதில்லை. சிறுகுடலின் பெரும்பகுதி விசிறி போன்ற ஒரு சவ்வினால் முதுகுப்புறச் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறது. அது நெளியும், அசையும், ஆனால் நெஞ்சுக்கு ஏறி உட்காராது. வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் பிதுங்கி வரும் குடலிறக்கம் உண்டு. குடல் முறுக்கிக்கொள்வது உண்டு. கைக்குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சட்டைக் கை போலச் செருகிக்கொள்வதும் உண்டு. மூன்றையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கையால் நீவக் கூடாது.

உங்கள் மகனுக்கு மூன்று முறை சரியானதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகளின் வயிற்று வலியில் பெரும்பாலானவை காற்றும் இசிவும்தான். தானாகவே தணியும். இதமான கை பட்டால் காற்று நகரும், பயமும் குறையும். என் கவலை நான்காவது முறையைப் பற்றியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நான் பார்த்த பையனைச் சொல்கிறேன். பத்து வயது. தொப்புளைச் சுற்றி வலி என்றான். வீட்டில் குடல் தட்டினார்கள், பேதிக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்தான். வயிற்றில் கை வைத்தேன், பலகை மாதிரி விறைத்திருந்தது. குடல்வால் வீங்கி வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்து, பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று வண்டியில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, முதலில் இங்கே வலித்தது, இப்போது ஏன் அங்கே வலிக்கிறது?"

அவன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. குடல்வாலின் நரம்புகள், தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்புகள் சேரும் அதே மட்டத்தில் தண்டுவடத்தில் சேர்கின்றன. அதனால் மூளைக்கு இடம் பிடிபடாமல் தொப்புளில் வலிப்பதாக எண்ணுகிறது. வீக்கம் முற்றி, வயிற்றறையின் உள்ளுறையைத் தொட்டதும் வலி வலப்பக்க அடிவயிற்றில் வந்து குத்துகிறது. தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி, காய்ச்சல் என்றால் எண்ணெயும் வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம். வண்டியைக் கூப்பிடுங்கள்.

மஞ்சூர் மருமகள் | ஞாயிறு, மாலை 4:50

அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "வலப்பக்கம் கை வைத்தவுடன் பிள்ளை துள்ளினால் நான் தொடவே மாட்டேன். என் அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது" என்றார். பேதிக்குக் கொடுப்பதை மட்டும் இனி நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னார்.

லவ்டேல் மாணவன் | ஞாயிறு, மாலை 6:00

சிறுகுடலை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானத்தை மூடிவிடலாம் என்று பாடத்தில் படித்தோம். அதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா.

உதகை வாத்தியார் | ஞாயிறு, இரவு 7:40

தம்பி, நானும் பல ஆண்டுகள் அதையே கரும்பலகையில் எழுதினேன். 2014-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இரண்டு ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வழியாக மறுபடி அளந்து, முழுச் செரிமானப் பாதையின் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் என்று காட்டினார்கள். பாட்மின்டன் மைதானத்தில் பாதிக்கும் குறைவு. அதனால் என்ன, 32 சதுர மீட்டர் என்பது நம் வீடுகளில் இரண்டு அறை. அத்தனை பரப்பும் இந்தச் சிறு வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது.

எப்படி மடிந்திருக்கிறது என்பதற்குக் கேத்திப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் பாத்தி கட்டி, ஒவ்வொரு பாத்தியிலும் செடி நட்டிருக்கிறார்கள். சிறுகுடலின் உட்சுவரில் முதலில் வட்ட மடிப்புகள். அவற்றின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள், தடவினால் வெல்வெட் துணி போலிருக்கும். ஒவ்வொரு உறிஞ்சியின் செல்லிலும் இன்னும் நுண்ணிய இழைகள். உறிஞ்சிக்குள் நடுவில் ஒரு நிணநீர்க் குழல், சுற்றிலும் ரத்த நுண்குழல்கள். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ரத்தத்தில் ஏறி, நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றிப் போகிறது. இந்தச் சுவரின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. சென்ற வாரம் சாப்பிட்டபோது இருந்த சுவர் இன்று உங்களிடம் பெரும்பாலும் இல்லை.

நீளம் ஆறு மீட்டர் என்று சொல்வது இறந்த உடலில் அளந்தது. உயிருள்ளபோது தசை இறுகியிருப்பதால் அது வெகுவாகக் குறைவு. முதல் 25 செ.மீ. முன்சிறுகுடல், 'பன்னிரண்டு விரற்கடை' என்ற பொருளில்தான் அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார்கள். கணையநீரும் பித்தநீரும் அங்கே வந்து கலக்கின்றன. கணையநீர் அமிலத்தை முறிக்கிறது. மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் வெட்டும் நொதிகள் அதில் உண்டு. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்கும் பை மட்டுமே. பித்தத்தில் நொதி இல்லை. எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிப்பதுதான் அதன் வேலை. எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சோப்பு செய்வதை அது கொழுப்புக்குச் செய்கிறது.

பழைய குன்னூர்க்காரர் | ஞாயிறு, இரவு 9:00

இதையெல்லாம் பேசும்போது நம் ஊரை விட்டுவிடக் கூடாது. சிம்ஸ் பூங்கா பக்கத்தில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தை வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காகத்தான் எல்லோரும் அறிவார்கள். 1918-இல் அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். சத்துக்குறைந்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து, அவற்றின் உணவுப்பாதை எப்படிச் சிதைகிறது என்று திசு திசுவாகப் பார்த்தார். உணவு குறைந்தால் உடல் மெலியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உணவை வாங்கிக்கொள்ள வேண்டிய குடல்சுவரே நோயில் விழும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிறகு நாட்டின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டதும் குன்னூரில்தான். அந்த ஓரறை ஆய்வகம்தான் வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. குன்னூர்ப் பள்ளிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கூடலூர் செவிலி | திங்கள், காலை 7:15

கேத்தி அண்ணா கேட்டதற்குப் பதில். பீட்ரூட் நிறமி ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சிறுநீரில் தெரியும். குடல்சுவர் அதை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதைப் பொறுத்தது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இது அதிகமாகத் தெரிகிறது. ஆகவே உங்கள் தம்பியை ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், பார்த்துவிடுவது நல்லது.

இரும்பு என்று வந்துவிட்டதால் இந்த மலையில் இருக்கும் பெண்களுக்காக ஒன்று. இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உள்ளே ஏறுகிறது. தேநீரின் துவர்ப்புப் பொருள் கீரை, ராகி, பருப்பில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு சுவரைக் கடக்க விடாது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தேநீர் குடித்தாலே உள்ளே போகும் இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்து மணிக்குச் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போதே பக்கத்தில் தேநீரை ஊற்றி வைப்பார்கள். இரும்பு மாத்திரையையும் அந்தத் தேநீரிலேயே விழுங்குவார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்று என்னிடம் வந்து நிற்பார்கள். தேநீரை விடச் சொல்ல நான் யார்? அந்தக் குளிரில் அது வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், மாத்திரையைத் தண்ணீரோடு போடுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். கேட்டவர்கள் முகத்தில் மூன்று மாதத்தில் வெளுப்பு மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரி தேயிலைக்காரன் | திங்கள், காலை 8:30

தேயிலையை நம்பிப் பிழைப்பவன்தான் நான். இருந்தாலும் இதை எங்கள் தொழிற்சாலைத் தகவல் பலகையில் இன்றே எழுதிப் போடுகிறேன்.

லவ்டேல் மாணவன் | திங்கள், மாலை 5:20

கீழே கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு ஏறும்போதெல்லாம் வயிறு உப்பிக்கொள்கிறது. வீட்டில் அவரைக்கொட்டைக் குழம்பு என்றால் கேட்கவே வேண்டாம். மலைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டா?

உதகை வாத்தியார் | திங்கள், இரவு 8:00

உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் உதகையில் தலையணை போல உப்புவதைப் பார்த்திருப்பாய். குடலில் இருக்கும் காற்றுக்கும் அதே விதிதான். அவரையின் கதை வேறு. அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்கு வந்து, அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகி வாயுவாகின்றன. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கச் சொல். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அவரை சரியாக வேகாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அந்த பாக்டீரியாக்களைக் குறைவாக எண்ண வேண்டாம். நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி இருக்கின்றன என்று 2016-இல் கணக்கிட்டார்கள். மொத்த எடை 200 கிராம். பெரும்பகுதி பெருங்குடலில்தான். நாம் கைவிட்ட நார்ப்பொருளைப் புளிக்கவைத்து, குடல்சுவரின் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. சனிக்கிழமைப் பகலெல்லாம் பீட்ரூட்டின் நாரும் அங்கேதான் இருந்தது.

தண்ணீர்க் கணக்கையும் குழந்தைக்குச் சொல்லுங்கள். நாம் குடிப்பதும் உண்பதும் சேர்த்து நாளுக்குச் சுமார் இரண்டு லிட்டர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணையநீர், குடல்நீர் என்று உடலே குழாய்க்குள் ஊற்றுவது இன்னும் ஏழு லிட்டர். ஒன்பது லிட்டரில் பெரும்பங்கைச் சிறுகுடலும் மிச்சத்தைப் பெருங்குடலும் திரும்ப எடுத்துக்கொள்ள, வெளியே போவது கால் லிட்டருக்கும் குறைவு. வயிற்றுப்போக்கில் குழந்தை ஒரே நாளில் துவண்டுவிடுவது இப்படி ஊற்றிய நீர் சரியாகத் திரும்பாததால்தான். உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசல் அப்போது உயிர் காக்கிறது. சிறுகுடல் செல்லில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும். அவை நுழைந்தால் தண்ணீர் பின்னாலேயே வரும். வெறும் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

குன்னூர் தகப்பன் | புதன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை நான் படிக்க, மகள் நோட்டில் குறித்துக்கொண்டாள். திங்கள் மாலை கொடிக்கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். 25 செ.மீ.க்கு ஒரு முடிச்சு, உணவுக்குழல். அடுத்து இரைப்பைக்கு ஒரு துணிப்பை. அதன்பின் சிறுகுடலுக்கு ஆறு மீட்டர், கடைசியில் பெருங்குடலுக்கு ஒன்றரை மீட்டர். அடுக்களை வாசலில் ஒரு முனையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். கயிறு கூடத்தைக் கடந்து, திண்ணையைக் கடந்து, ரோஜாத் தொட்டி வரை போயிற்று. "இவ்வளவும் இதற்குள்ளேயா?" என்று அம்மா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் சோளக்கதிர் சாப்பிட்டு நேரம் குறித்தோம். மகளுக்கு 22 மணி நேரம். எனக்கு 35. அம்மா இன்னும் சொல்ல மறுக்கிறார். கயிறு இன்னும் அவள் படுக்கைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. துணி காயப்போட வேறு கயிறு வாங்க வேண்டும்.